கோட்டை அகழ்வுப் பயிற்சிக்குப் போகும் முன் எனக்கு யாரும் சொல்லாதவை

தொல்லியல் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் களப்பயிற்சிக்குப் போயே ஆகவேண்டும். நான் போனது இலங்கையின் வடக்குக் கரையில் உள்ள ஓர் ஒல்லாந்தர் காலக் கோட்டைக்கு. எந்தக் கோட்டை, நடத்தியது யார் என்று எழுதப் போவதில்லை. அந்தப் பருவத்தில் கையிலிருந்து போன காசு முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். ரியூசன் வகுப்புகளை நிறுத்தியதால் வராமல் போன சம்பளம் தனி. இடையில் காய்ச்சலில் வாடகை அறையில் தனியே கிடந்த நாட்களும் உண்டு. இவை எல்லாவற்றையும் விட எனக்கு ஆறாத மனவருத்தம் வேறு. அங்கே வந்த மாணவர்களில் பாதிப்பேர் வாளி சுமந்து, மண் அரித்து, ஒரு பதிவுத்தாள்கூட நிரப்பாமல் வீட்டுக்குப் போனார்கள். அகழ்வு என்பது பதிவு. பதியாமல் தோண்டிய குழி அழிந்த குழிதான், அதைத் திரும்பத் தோண்ட முடியாது. அடுத்ததாகப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், கோட்டை மண் ஏன் இவ்வளவு சிக்கலானது என்று விளங்கிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணக் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். பிறகு ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினார்கள். வெளி அரண்கள் 1792இல்தான் முடிந்தன. மூன்றே வருடத்தில், 1795இல், அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1990இல் முற்றுகையும் ஷெல்லடியும். 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் போரில் இடிந்து கற்குவியலானது. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ பழைய சுவரைப் பிடுங்கினார்கள், அகழி வெட்டினார்கள், பள்ளம் நிரப்பினார்கள். கோட்டைக்குள் நடந்த அகழ்வுகளில் ஐரோப்பியர் வருமுன்பே அந்தக் கரையில் கடல் வணிகம் நடந்ததற்கான சீனப் பீங்கானும் பழைய மட்பாண்ட ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. ஆக, காலடியில் இருப்பது ஒல்லாந்தர் மண் மட்டும் என்று நினைத்து இறங்கக்கூடாது.

வகுப்பில் "கீழே போகப் போகப் பழையது" என்று சொல்லித் தருவார்கள். கோட்டையில் அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் சிக்கல். அகழி தோண்டும்போது முதலில் வெளியே வருவது மேல்மண், கடைசியில் வருவது அடிமண். அதே மண்ணை அள்ளிக் கொத்தளத்துக்குள் கொட்டும்போது மேல்மண் அடியிலும் அடிமண் மேலேயும் போய்விடுகிறது. கொத்தள நிரப்பில் ஒரு முழம் ஆழத்தில் ஆயிரம் வருடப் பழைய ஓடும், அதற்குக் கீழே ஒல்லாந்தர் புகைக்குழாய்த் துண்டும் கிடைப்பது இதனால்தான். அப்படி வந்தால் பதற வேண்டாம். ஓர் அடுக்கின் காலத்தை அதிலுள்ள ஆகப் பழைய பொருள் தீர்மானிக்காது, ஆகப் புதிய பொருள்தான் தீர்மானிக்கும். நூறு பழைய ஓட்டோடு 1800க்குப் பிந்திய போத்தல் துண்டு ஒன்று, எலிவளை வழியாக வராமல் உண்மையாகவே அந்த அடுக்குக்குள் கிடந்தால், அந்த அடுக்கு 1800க்கு முன் உருவாகியிருக்க முடியாது.

சுவர் வரும் இடத்தில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வடக்குக் கோட்டைச் சுவர்கள் பெரும்பாலும் முருகைக்கல்லும் (கடலில் எடுக்கும் பவளக்கல்) சுண்ணாம்புச் சாந்தும். கல் தெரிந்ததும் அதன் முகத்தைச் சுத்தமாகக் காட்டவேண்டும் என்ற ஆசையில் எல்லோரும் சுவரோடு ஒட்டி மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். சுவரின் காலத்தைச் சொல்லக்கூடிய முக்கியமான சாட்சி அங்கேதான் இருக்கிறது. அத்திவாரம் போட முதலில் வாய்க்கால் வெட்டுவார்கள், கல் அடுக்கிய பிறகு பக்கத்தில் மிஞ்சிய இடைவெளியை மண் போட்டு மூடுவார்கள். அந்த இடைவெளி மேலிருந்து பார்க்கும்போது சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்தில், சற்றே கறுத்த, இளகிய, சாந்துத் துணுக்குகள் கலந்த பட்டையாகத் தெரியும். காய்ந்த மண்ணில் கண்ணுக்கே படாது. காலையில் வெயில் ஏறுமுன், தெளிப்பானால் தண்ணீரை மெல்லிய தூறலாக அடித்துவிட்டுப் பார்த்தால் கோடு துலங்கும். அந்தப் பட்டைக்குத் தனி இலக்கம் கொடுத்து, தனியாக அகழ்ந்து, தனிப் பையில் போடவேண்டும். அதற்குள் இருந்து வரும் ஒரு சின்னப் பீங்கான் துண்டு "சுவர் இதற்குப் பிறகு கட்டப்பட்டது" என்று சொல்லும். சுவரில் சாய்ந்து கிடக்கும் மற்ற மண்ணோடு அதைக் கலந்துவிட்டால் அந்தக் கேள்விக்கு இனி விடை இல்லை. சுவரின் கல்லை யாரோ பிற்காலத்தில் பிடுங்கிப்போன இடங்களில் சுவரே இருக்காது, கல் இருந்த வாய்க்கால் வடிவம் மட்டும் சாந்துத் தூளால் நிரம்பி இருக்கும். சுவருக்குக் கொடுக்கும் அதே மதிப்போடு அதையும் பதியுங்கள்.

போருக்குப் பிந்திய மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சிக் குறிப்பில் இது இருக்கவே இல்லை. வடக்குக் கோட்டைகள் பலவற்றில் படைகள் இருந்திருக்கின்றன. கண்ணிவெடி அகற்றிய இடம் என்று அறிவித்த பிறகும் ஷெல் துண்டு, ரவைக் கோது, வெடிக்காத ஏதாவது வரலாம். பீரங்கிக் குண்டு என்று நினைத்துத் துருப்பிடித்த உருண்டையை யாராவது தூக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உலோகம் தெரிந்து, அது என்னவென்று உறுதியில்லை என்றால் தொடாதீர்கள், தட்டாதீர்கள், மண்ணைத் துடைக்காதீர்கள். கையில் இருக்கும் கரண்டியை மெல்ல வைத்துவிட்டு, வந்த வழியாலேயே வெளியேறி, மேற்பார்வையாளரிடம் சொல்லி, எல்லோரையும் குழியிலிருந்து எடுங்கள். அவர் இல்லாவிட்டால் 119இல் பொலிஸை அழையுங்கள். முதல் நாளே "வெடிபொருள் கண்டால் நடைமுறை என்ன, யார் பொறுப்பு?" என்று கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் மண்ணில் இறங்க வேண்டாம்.

இனி அளவை. குழி பெரும்பாலும் 5 மீற்றர் சதுரம், குழிகளுக்கு இடையே வெட்டாத மண்சுவர் விடப்படும். ஆணியடித்து நூல் கட்டும்போது நான்கு பக்கமும் 5 மீற்றர் வந்தால் போதாது, சாய்சதுரமும் அப்படித்தான் வரும். மூலைவிட்டம் 7.07 மீற்றர் வரவேண்டும், இரண்டுமே. அளவுநாடா தொய்யாமல் இழுக்க இருவர் வேண்டும், காற்று அடிக்கும்போது நாடா வளைந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூட்டிக் காட்டும். முக்காலியில் நிற்கும் மட்டக்கருவியை வைத்து ஆழம் எடுப்பதை ஒரு மாணவரிடமே விட்டுவிடுவார்கள், மற்றவர்கள் அளவு குறித்த கோலைப் பிடித்தே காலம் கழிப்பார்கள். அந்தக் கணக்கு அஞ்சத் தக்கது இல்லை. தெரிந்த உயரமுள்ள நிலைப்புள்ளி 5.000 மீற்றர் என்று வையுங்கள். அதன்மேல் கோலை வைத்துக் கருவியால் பார்த்தால் 1.325 என்றால் கருவியின் உயரம் 6.325. குழியின் அடியில் கோலை வைத்தால் 2.470. கழித்தால் அந்த இடத்தின் மட்டம் 3.855. கோலைச் சற்றே முன்னும் பின்னும் சாய்க்கச் சொல்லி, தெரியும் ஆகக் குறைந்த எண்ணை எடுத்தால் கோல் நேராக நின்றபோது உள்ள அளவு அதுதான். வேலை முடிவில் நிலைப்புள்ளியைத் திரும்பப் பாருங்கள். எண் மாறியிருந்தால் யாரோ கருவியின் முக்காலியை இடித்திருக்கிறார்கள், அன்று எடுத்த மட்டங்கள் எல்லாவற்றையும் திரும்ப எடுக்கவேண்டும்.

கருவிகளுக்குச் செலவழித்த காசில் பெரும்பகுதி தேவையற்றது. "மாணவர்கள் கருவிகளைக் கொண்டுவரவும்" என்று ஒரே வரியில் அறிவித்தல் வந்தது, என்ன கருவி என்று யாரும் சொல்லவில்லை. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் மேசன் கரண்டி பெரியது, அலகும் கைப்பிடியும் ஆணியால் பொருத்தியது. இறுகிய சாந்தில் நாலு தரம் இழுத்தால் ஆடத் தொடங்கும். தேவைப்படுவது நாலு அங்குல அலகுள்ள, அலகும் தண்டும் ஒரே இரும்பில் அடித்த அல்லது உருக்கி ஒட்டிய கூர்க்கரண்டி. கொழும்பிலோ வெளிநாட்டிலோ சொந்தக்காரர் மூலம் முன்கூட்டியே எடுப்பித்தால் ஒன்றே பல வருடம் வரும். அதன் விளிம்பை அரத்தால் வாரம் ஒருமுறை கூராக்குங்கள், மழுங்கிய கரண்டி மண்ணை வெட்டாமல் பூசிவிடும், நிற வேறுபாடு மறைந்துபோகும். அத்தோடு 5 மீற்றர் அளவுநாடா, தூக்குக்குண்டு, நூலில் தொங்கவிடும் சின்ன நீர்மட்டம், 4எச் பென்சில், அழியாத மை மார்க்கர், முழங்காலுக்குப் போட ஒரு தடித்த ஸ்பொஞ். மிச்சமெல்லாம் களத்தில் இருக்கும். விலைகூடிய சப்பாத்து வேண்டாம், விரல் நுனி மூடிய, அடித்தட்டு தட்டையான எதுவும் போதும். ஆழமான பள்ளம் விழும் அடி உள்ள சப்பாத்து சுத்தம் செய்த தரையைக் கொத்திப்போடும்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அகழ்வு வெயில் காலத்தில்தான் நடக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் குழி குளமாகிவிடும். கோட்டைக்குள் மரமில்லை, வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் வெயிலை முகத்துக்கே திருப்பி அடிக்கும். பெண்பிள்ளைகளுக்கு மலசலகூடம் கோட்டை வாசலுக்கு அப்பால், அதுவும் பூட்டியே கிடந்தது. அதனால் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் நாங்கள் பலர். சிறுநீர்த் தொற்று வந்து நடுங்கும் காய்ச்சலோடு அறையில் கிடந்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. மருந்துக்கும் பரிசோதனைக்கும் போன காசு கருவிக்குப் போனதைவிட அதிகம். வெட்கப்பட்டு வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் எல்லோரும் தனித்தனியே அவதிப்பட்டோம். மலசலகூடம் எங்கே, திறப்பு யாரிடம் என்பதை அறிவித்தல் வந்த அன்றே குழுவாகக் கேளுங்கள். ஒரு நாளைக்கு நாலு லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர், அதில் ஒரு போத்தல் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) கலந்தது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்தி, பின்னேரம் மூன்றரைக்குத் திரும்ப இறங்கும் ஒழுங்கு இருந்தால் நல்லது. தலையிடி, வாந்தி வருமாப்போல் இருத்தல், வியர்வை நின்றுபோதல், இவற்றில் எது வந்தாலும் நிழலுக்குப் போங்கள், கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

கடற்கரை மண் இன்னொரு ஆபத்து. மணல் கலந்த நிரப்பு மண் காய்ந்தால் எச்சரிக்கை தராமல் சரியும். குழி 1.2 மீற்றரைத் தாண்டினால் பக்கத்தைப் படியாக வெட்டவேண்டும், இல்லையென்றால் பலகை கொடுத்துத் தாங்கவேண்டும். அள்ளிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து ஒரு மீற்றருக்கு அப்பால்தான் கொட்டவேண்டும். களத்தில் சோம்பல் காட்டும் முதல் இடம் இதுதான், வாளி பாரமாக இருப்பதால் விளிம்பிலேயே கொட்டிவிடுவார்கள்.

இப்போது பதிவு. கையில் ஒரு பதிவுத்தாள் கொடுத்தால் அன்றைக்கு உங்களுக்கு உண்மையான பயிற்சி தொடங்குகிறது. மண்ணில் வேறுபடுகிற ஒவ்வொன்றுக்கும், அது அடுக்கோ வெட்டோ நிரப்போ சுவரோ, ஓர் இலக்கம். அதன் நிறத்தை மன்செல் அட்டையோடு (மண் நிறங்களை இலக்கமிட்டு அச்சிட்ட அட்டை) ஒப்பிட்டு, எப்போதும் ஈரமான நிலையில், ஒரே மாதிரிப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து எழுதுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு. பிறகு கைப்பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையே வராவிட்டால் மணல். கயிறுபோல் திரிந்து வளையமும் ஆனால் களி. அதற்குப் பிறகு கலந்திருப்பவை: சாந்துத் துணுக்கு, கரி, சிப்பி, செங்கல், எவ்வளவு, எந்த அளவில். கடைசியாக, எதற்கு மேல், எதற்குக் கீழ், எதை வெட்டுகிறது. இந்த உறவுகளைப் பெட்டியும் கோடுமாக வரைந்து இணைக்கும் முறையைத் தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்தார். அதை அன்றன்று பின்னேரமே வரையுங்கள். வார முடிவில் வரையலாம் என்று விட்டால், இரண்டு வெட்டுகளில் எது முந்தியது என்று யாருக்கும் நினைவிருக்காது, மண்ணும் அங்கே இருக்காது.

குழியின் பக்கச் சுவரை 1:10 அளவில், தரைப்படத்தை 1:20 அளவில் வரைவது வழக்கம். சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் வரைதாள் கையில் நிற்காது, நூலும் அதிரும். பலகையில் நாலு பக்கமும் ரேப் ஒட்டி, காலை எட்டு மணிக்கு முன் வரைந்து முடித்துவிடுங்கள். படம் எடுக்க முன் சுவரை மேலிருந்து கீழாகச் சுத்தம் செய்து, அளவுகோலும் வட திசைக்குறியும் இலக்கப் பலகையும் வைத்து, முழுதும் நிழலில் அல்லது முழுதும் வெயிலில் எடுங்கள். பாதி நிழல் விழுந்த படத்தில் அடுக்கு எது, நிழல் எது என்று பிறகு பிரிக்க முடியாது.

கிடைத்த பொருட்களில் எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்திருந்தால் மண் அரிப்பதுகூடப் படிப்பாகிவிடும். அரிதட்டின் கண் 5 மில்லிமீற்றர் என்றால் மணிகள் நழுவிப் போய்விடும், முக்கியமான அடுக்குகளுக்கு 2 மில்லிமீற்றர் கேளுங்கள். வெள்ளைக் களிமண் புகைக்குழாய்த் தண்டுகள் ஐரோப்பியக் கோட்டைகளில் அடிக்கடி வரும். தண்டின் துளை காலப்போக்கில் ஒடுங்கியது என்று அமெரிக்கத் தொல்லியலாளர் ஹாரிங்டன் 1954இல் காட்டினார். 1620 முதல் 1650 வரையான தண்டுகளில் அங்குலத்தின் 64இல் 8 பங்கு, 1750 முதல் 1800 வரையில் 4 பங்கு. துரப்பண அலகின் வால்புறத்தை நுழைத்து அளக்கலாம். ஆனால் அது ஆங்கிலேயத் தண்டுகளுக்கு வகுத்த கணக்கு, ஒல்லாந்துத் தண்டுகளுக்கு அப்படியே பொருந்தாது, ஒன்றிரண்டு துண்டை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது. வெள்ளைப் பாண்டத்தில் அடிவளையத்தின் மூலையில் மினுக்கம் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) தேங்கிய இடத்தைப் பாருங்கள். அங்கே நீலச் சாயல் தெரிந்தால் அது 1779இல் ஆங்கிலேயப் பாண்ட உற்பத்தியாளர் வெட்ஜ்வுட் சந்தைக்குக் கொண்டுவந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம், ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிக் காலத்துக்கோ ஆங்கிலேயர் காலத்துக்கோ உரியது. பச்சை மஞ்சள் என்று மினுக்கம் படர்ந்தால் அது அதற்கு முந்திய கிரீம் நிறப் பாண்டம். செம்புக் காசில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பின்னிய முத்திரை எழுத்துத் தெரிந்தால் அதற்குக் கீழேயோ மறுபுறத்திலோ வருடம் இருக்கலாம். உரசாதீர்கள், எழுத்து உதிர்ந்துவிடும்.

கழுவுவதிலும் அவசரம் வேண்டாம். சுட்ட ஓடும் பீங்கானும் கழுவலாம். இரும்பு, செம்பு, உதிரும் கண்ணாடி, மென்மையான எலும்பு, வர்ணம் பூசிய சாந்து எதையும் கழுவக்கூடாது. கடலோர மண்ணில் உப்பு ஊறியிருக்கும். ஓட்டைக் கழுவி வெயிலில் போட்டால் உப்புப் பளிங்காகி மேற்பரப்பைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைப் பலமுறை மாற்றி, நிழலில் ஆறவிடுங்கள். இரும்பை சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய பெட்டியில் வையுங்கள். காலம் கணிக்க எடுக்கும் கரித் துண்டைக் கையால் தொடாமல் கரண்டி நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் வையுங்கள். பைக்குள் ஒரு இலக்கச் சீட்டு, பைக்கு வெளியே ஒன்று, இரண்டும் அழியாத மையில். சாதாரண போல்பொயின்ற் பேனை ஈரத்தில் ஒரு மாதம் தாங்காது, இலக்கம் போன ஓடு வெறும் ஓடுதான்.

இன்னொன்று. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நினைவுக்கு என்று ஒரு துண்டு ஓட்டைக்கூடப் பையில் போடாதீர்கள். குழியின் படத்தை இடம் தெரியும்படி முகநூலில் போடுவதும் வேண்டாம். புதையல் தேடுகிறவர்கள் இரவில் வந்து கிண்டிவிட்டுப் போவார்கள்.

சேர முன் கேட்கவேண்டியவற்றை எழுத்தில் கேளுங்கள். அகழ்வு அனுமதி யார் பெயரில் உள்ளது, ஒரு குழிக்கு எத்தனை மாணவர், எத்தனை மேற்பார்வையாளர், வேலை சுழற்சியில் மாறுமா, தோண்டி முடிந்தபின் பொருள் வகைப்படுத்தலும் வரைபட வேலையும் பயிற்சியில் அடங்குமா, விபத்துக் காப்புறுதி உண்டா, சாப்பாடும் தங்குமிடமும் யார் செலவு. எனக்குக் கிடைத்த சான்றிதழில் "பங்குபற்றினார்" என்ற ஒரு சொல் மட்டும்தான் இருந்தது. அதைக் கொண்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது எத்தனை மணித்தியாலம், என்ன வேலை என்று கேட்டார்கள், காட்ட ஒன்றும் இல்லை, ஒரு வருடம் பின்தள்ளிப் போனது. ஆகவே ஒவ்வொரு நாளும் உங்கள் சொந்தக் கொப்பியில் எந்தக் குழி, எந்த இலக்கம், அகழ்ந்தீர்களா, வரைந்தீர்களா, மட்டம் எடுத்தீர்களா, எத்தனை மணித்தியாலம் என்று எழுதி, வார முடிவில் மேற்பார்வையாளரின் கையொப்பம் வாங்குங்கள். முடியும் நாளில் சான்றிதழில் அந்த விபரங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் கையொப்பமிட்ட கொப்பியின் பிரதி போதும், பெரும்பாலான இடங்களில் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.